நேரில் கேட்ட பாட்டு

சென்ற திங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நண்பர் ஒருவர் முகவாட்டத்துடன் நம் இல்லத்துக்கு வந்தார். காப்பி கொடுத்தோம். கையில் வாங்கியவர் அருந்தாமலே சிறிது நேரம் அமர்ந்திருந்தார். பின்னர் மெல்ல வாய் திறந்தார்.

"அண்ணா, நம் பெண் சென்னைக்குப் போக வேண்டும் என்கிறாள். படிப்புக்கும் அன்று, வேலைக்கும் அன்று. ஏதோ ராக் இசைக்குழுவாம். அதன் கச்சேரியை நேரில் கேட்க வேண்டுமாம். நாள் முழுதும் கைப்பேசியில் அதைத்தானே கேட்கிறாள்! அதற்காகக் கடல் கடந்து போவானேன்? அவள் தாயோ இரண்டு நாளாக அழுதுகொண்டிருக்கிறாள். தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் பெண் கேட்பாள்."

"பெண்ணுக்குச் சொல்வது இருக்கட்டும், தம்பி. முதலில் உமக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும், காப்பி ஆறுமுன் அருந்தும்" என்றோம். அன்று அவரிடம் சொன்னதையே இத்திங்கள் நம் வாசக அன்பர்களுக்கும் சொல்லத் துணிகிறோம். துணிகிறோம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அது போகப் போக விளங்கும்.

நண்பரின் கேள்வியில் நியாயம் இல்லாமற் போகவில்லை. இத்தீவுகளில் பாட்டுக் கேட்பது ஒரு காலத்தில் எத்துணை அரிய செயலாக இருந்தது என்பதை முதியோர் அறிவர். தாயகத்திலிருந்து கப்பலில் வரும் இசைத்தட்டையும் பின்னாளில் ஒலிநாடாவையும் ஒரு வீட்டார் வாங்கினால் பத்து வீட்டார் கேட்டோம். இணையம் வந்த பின்னரும் செயற்கைக்கோள் வழியே அது சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. 2020 ஆகஸ்ட் 10-ஆம் நாள் சென்னையையும் இத்தீவுகளையும் இணைக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பிவடம் திறக்கப்பட்டது. அதன்பின் சென்னையில் பாடும் பாட்டு, அப்பொழுதே போர்ட் பிளேரில் கேட்கிறது. (2024 செப்டம்பரில் ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என மாறிற்று, பழகிய நாவுக்குப் பழைய பெயரே முந்துகிறது, அன்பர்கள் பொறுத்தருள்க.) இவ்வளவு வசதி வந்த பின்னும் நேரிற் சென்று கேட்பது வீண் செலவன்றோ என்று நண்பர் கேட்கிறார். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

2018-ஆம் ஆண்டின் தொடக்கம் அது. நம் மகன் சென்னையில் கல்லூரியில் பயின்று கொண்டிருந்தான். அவனைக் காணவும், கண் மருத்துவரிடம் காட்டவும் நாம் கப்பலேறினோம். 1,200 கிலோமீட்டர் அளவுள்ள அக்கடல்வழியைக் கடக்க மூன்று நாட்கள் ஆயின. சென்னை சேர்ந்த மறுநாளே மகன், "அப்பா, சனிக்கிழமை மாலை கீழ்ப்பாக்கத்தில் ஒரு கச்சேரி, தாங்களும் வர வேண்டும்" என்றான். மார்கழி மாதமாயிற்றே, சபைக் கச்சேரி போலும் என்று எண்ணி இசைந்தோம். போன பிறகுதான் தெரிந்தது, அது ராக் கச்சேரி என்று!

ஜனவரி 6-ஆம் நாள். பள்ளி மைதானம் ஒன்றில் மேடை. மைதானம் முழுவதும் மக்கள். பட்டுப்புடவையும் சபா நாற்காலியும் எதிர்பார்த்துச் சென்ற நமக்கு, தோளில் குழந்தையைச் சுமந்த தொழிலாளியும், கல்லூரிப் பிள்ளைகளும், வெற்றிலை மென்ற பாட்டிமார்களும் அருகருகே நிற்கும் காட்சி புதுமையாக இருந்தது. அக்குழுவின் பெயர் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. சாதியற்றோர் கூட்டம் என்பது பொருள். திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசைஞர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய அக்குழு அன்றுதான் முதன்முதலாக மேடையேறிற்று. பத்தொன்பது பேர், அவருள் பெண் ஒருவரே, இசைவாணி என்னும் கானாப் பாடகி. பின்னர் 2020-இல் பிபிசி நிறுவனம் வெளியிட்ட நூறு பெண்மணிகள் வரிசையில் இடம்பெற்றவர் அவர்.

சாதியற்றோர் என்னும் அப்பெயர் நேற்று முளைத்ததன்று. சாதிபேதமற்ற தமிழர் என்ற கருத்தை நூறு ஆண்டுகளுக்கு முன்பே முழங்கியவர் அயோத்திதாச பண்டிதர். 1845-இல் பிறந்து 1914-இல் மறைந்த அப்பெரியார், 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கி நடத்தியவர். அவர் வழங்கிய சொல்லே இக்குழுவுக்குப் பெயராயிற்று என்று மகன் நம் காதருகே கூறினான்.

மேடையிலே மின் கித்தார் ஒருபுறம், மேனாட்டு முரசுகள் ஒருபுறம் இருந்தன. இவ்விரண்டும் ராக் இசைக்கு உரியவை, நாம் வியக்கவில்லை. ஆனால் அவற்றின் பக்கத்திலேயே பறை இருந்தது, தவில் இருந்தது, சட்டி இருந்தது, கட்டமோளம் இருந்தது. கித்தார் ஒரு முறை முழங்கி ஓய்ந்ததும் சட்டியும் கட்டமோளமும் எழுந்தன. அந்த ஓசை காதில் விழுந்ததோடு நில்லாமல் காலின் கீழிருந்த தரையில் ஏறி, நெஞ்சுக்குள்ளும் அதிர்ந்தது. கைப்பேசியின் சிறு துளையில் வரும் ஓசைக்கு அந்த வலிமை ஏது?

மகன் திடீரென நம் கையைப் பற்றினான். "அப்பா, இந்தத் தாளம் தங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான். அப்பொழுதுதான் கவனித்தோம்: முன்னிருந்த மூங்கில் தடுப்பின்மேல் நம் விரல்கள் தாமாகவே தாளமிட்டுக்கொண்டிருந்தன, ஓர் அடியும் பிசகாமல்.

அத்தாளம் நமக்குத் தெரிந்த வகையைத்தான் இப்பொழுது சொல்ல வேண்டும்.

நம் தந்தையார் வடசென்னையில் இராயபுரத்தை அடுத்த பகுதியிலிருந்து 1960-களின் தொடக்கத்தில் இங்கு வந்தவர். சாத்தாம் மரவாடியில் வேலை செய்தார். 1883-இல் தொடங்கப்பெற்ற அந்த ஆலையை அறியாத அந்தமான் குடும்பம் ஏது? பகலெல்லாம் மரத்தூசியில் உழைத்தவர், தொழிலாளர் குடியிருப்பில் எவர் வீட்டிலேனும் சாவு நேர்ந்தால் இரவு முழுதும் அங்குதான் இருப்பார். பலகை ஒன்றை மடியிற் சாய்த்துக்கொண்டு, விரலாலும் உள்ளங்கையாலும் தட்டிப் பாடுவார். இறந்தவரின் பெயரை வைத்து, அவர் பிறந்ததும், கப்பலேறியதும், பட்ட கடனும், விட்டுச் சென்ற மக்களும் எல்லாம் பாட்டாக வரும். அழுகின்றவர் அழுகையை நிறுத்திக் கேட்பர்; பின்னர் மீண்டும் அழுவர். வடசென்னை மக்கள் இதனைக் கானா என்பர். துறைமுகத்திலும் ஆலையிலும் உழைத்த எளிய மக்கள் தங்கள் பேச்சுத் தமிழில், அதிற் கலந்த உருதும் தெலுங்கும் ஆங்கிலமும் சேரக் கட்டிய பாட்டு அது. 1990-களில் இசையமைப்பாளர் தேவா அதைத் திரைப்படங்களில் பரவச் செய்தார். நாம் சிறுவனாக இருந்த நாளிலோ அதற்குச் சாவுப்பாட்டு என்பதே பெயர்.

நமக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். பள்ளி விட்டுத் தோழர் இருவருடன் வரும்பொழுது ஒரு சாவு வீட்டைக் கடந்தோம். வாயிலிலே தந்தையார் பலகையைத் தட்டிப் பாடிக்கொண்டிருந்தார். தோழருள் ஒருவன், நல்ல வசதியுள்ள வீட்டுப் பிள்ளை, "அங்கே பாடுபவர் யார்? உனக்குத் தெரிந்தவரா?" என்று கேட்டான். "தெரியாது" என்றோம். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தோம். தந்தையார் நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டடித் தொலைவுதான், கேட்டிருக்கும். பாட்டை அவர் நிறுத்தவில்லை.

அன்றிரவு அவர் நம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் அதன்பின் நம் காதில் விழும்படி அவர் பாடியதே இல்லை. நாமும் கேட்கவில்லை. படித்தோம், அரசுப் பணியில் அமர்ந்தோம், திருமணம் செய்துகொண்டோம். தந்தையார் எந்தத் தெருவிலிருந்து வந்தவர் என்பதை எவரும் கேட்காத வகையில் பேசவும் பழகிக்கொண்டோம். 1994-இல் அவர் மறைந்தார். ஊரில் எத்தனையோ பேர் சாவுக்குப் பாடியவர் சாவில் பாட ஒருவரும் இல்லை. அன்று நம் வீட்டில் வானொலிப் பெட்டியும் அணைக்கப்பட்டிருந்தது.

கீழ்ப்பாக்கத்து மைதானத்தில் மகன் கேட்ட கேள்விக்கு இவ்வளவும் விடையாயிற்று. கூச்சலுக்கிடையே அவன் செவியருகே உரக்கச் சொன்னோம். மேடையிலே இடஒதுக்கீட்டைப் பற்றியும் அம்பேத்கரைப் பற்றியும் அவர்கள் பாடிக்கொண்டிருந்தனர். நாம் எதை மறைத்து நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தோமோ, அதை அந்த இளைஞர்கள் கோட்டும் சூட்டும் அணிந்து, விளக்கொளியில் நின்று, ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் பாடினர். கேட்ட மக்கள் கைதட்டினர், ஆடினர். மகன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "தாத்தா பாடுவார் என்று ஏன் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை?" என்றான். அதற்கு விடை நம்மிடம் இல்லை.

ராக் என்பது மேனாட்டார் கூச்சல், நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் பெரியோர் உளர். அதன் பிறப்பைச் சிறிது ஆராய்ந்தால் அவ்வாறு கேளார். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டு செல்லப்பெற்ற மக்களின் வழித்தோன்றல்கள் அமெரிக்காவின் தென் பகுதிகளில் பருத்திக் காட்டிலும் தேவாலயத்திலும் பாடிய பாட்டே அதன் வேர். சிஸ்டர் ரோசட்டா தார்ப் என்னும் கறுப்பினப் பெண்மணி, 1940-களிலேயே மின் கித்தாரை மீட்டித் தெய்வப் பாடல்களைப் பாடினார். 1950-களில் அவ்விசை ராக் அண்ட் ரோல் என்னும் பெயரோடு உலகெங்கும் பரவிற்று. அன்றைய அமெரிக்கப் பெற்றோரும் நம் நண்பரைப் போலவே கவலையுற்றனர். உழைத்துக் களைத்த மக்கள் தங்கள் துன்பத்தைத் தாளத்தில் ஏற்றிப் பாடியது அங்கே ராக் இசைக்கு வேராயிற்று. வடசென்னையில் கானா ஆயிற்று. இரண்டும் ஒரு மேடையில் சேர்ந்தது தற்செயல் என்று நமக்குத் தோன்றவில்லை.

அயல் நாட்டார் துன்பத்துக்கு இரங்கிய ராக் கச்சேரியும் உண்டு. 1971 ஆகஸ்ட் 1-ஆம் நாள் நியூயார்க் நகரில், சிதார் மேதை ரவிசங்கரின் வேண்டுகோளை ஏற்று ஜார்ஜ் ஹாரிசன் நடத்திய கச்சேரி, கிழக்கு வங்காளத்து அகதிகளுக்குப் பொருள் திரட்டுவதற்காகவே நடைபெற்றது. அவ்வங்காளத்திலிருந்து முன்னரே வந்து குடியேறியவர் பலர் இங்கு நம் அண்டை வீட்டாராக வாழ்கின்றனர் அல்லரோ?

இனி, துணிகிறோம் என்று முதலிற் சொன்னதற்குக் காரணத்தைக் கூற வேண்டும்.

இத்தீவுகளுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. 1858 மார்ச்சில் முதற் கைதிகள் 200 பேர் இங்குக் கொண்டுவரப்பட்டனர். பின்னர் வந்த கைதிகளுள் நன்னடத்தையால் விடுதலை பெற்றுக் குடியமர்ந்தோர், ஊரும் சாதியும் பாராது மணந்துகொண்டனர். அவர் வழிவந்தோரை இன்றும் 'லோக்கல் பார்ன்' என்கிறோம். இந்துஸ்தானியைப் பொதுமொழியாகக் கொண்டு, பல சாதிக் குருதியும் கலந்து வாழும் மக்கள் அவர்கள். ஆங்கிலேயன் தண்டனைக்காக அமைத்த இடத்தில் சாதி தளர்ந்தது.

பின்னர் நாம் வந்தோம். மரம் அறுக்கவும், கட்டடம் கட்டவும், கடை வைக்கவும், அலுவலகத்தில் எழுதவும் வந்தோம். பர்மாவிலிருந்து வந்தோரும், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பிக் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்ந்தோரும் நம்முள் உளர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இத்தீவுகளில் வாழ்ந்த 3,80,581 பேருள் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர். பொங்கல் வந்தால் ஒன்றாகக் கூடுகிறோம். பங்குனி உத்திரத்தில் ஒன்றாகக் காவடி எடுக்கிறோம். ஆனால் பெண் கேட்டு ஒருவர் வந்தால், "சொந்த ஊர் எது? ஊரில் எந்தத் தெரு?" என்று கேளாத தமிழ் வீடு எத்தனை? கப்பலில் வரும்போது பெட்டிக்குள் வேட்டி சட்டையோடு சாதியையும் மடித்து வைத்துக் கொண்டுவந்தோம். அதனைக் கண்டு அஞ்சியே நம்முள் சிலர் தந்தையின் பாட்டையும் தாயின் பேச்சையும் மறைத்தோம். மறைத்தவருள் ஒருவர் இப்பத்தியை எழுதுபவர். இத்தனை ஆண்டுகள் இவ்விதழில் எழுதியும் இதனை எழுதியதில்லை.

பாட்டை மறைத்தால் என்ன கெட்டுவிட்டது என்று சிலர் எண்ணக்கூடும். நம் தந்தையார் குரல் எந்த ஒலிநாடாவிலும் இல்லை. அவர் பாடிய வரிகளில் நமக்கு ஒன்றும் முழுமையாக நினைவில்லை. விரல்களில் தாளம் மட்டுமே எஞ்சியுள்ளது. கடலடிக் கம்பிவடம் உலகத்துப் பாட்டெல்லாம் கொண்டுவருகிறது. பாடாமற் போன பாட்டை அது கொண்டுவராது. ஒருவர் உயிரோடிருக்கும்போது எதிரில் அமர்ந்து கேட்பதற்கு ஈடாக வேறொன்றில்லை. மேடையில் நிற்கும் குழுவாயினும், வீட்டுத் திண்ணையில் அமர்ந்த தந்தையாயினும் இது ஒன்றே.

இவ்வளவும் சொல்லி முடித்தபோது நண்பரின் காப்பி ஆறிப்போயிருந்தது. வேறொன்று கொண்டுவரச் சொன்னோம். அவர் மெல்ல, "கூட்ட நெரிசலை நினைத்தால்தான் அச்சமாக இருக்கிறது அண்ணா" என்றார். அது நியாயமான அச்சம். 2023 செப்டம்பரில் சென்னைப் புறநகரில் நடந்த பெரிய இசைநிகழ்ச்சி ஒன்றில், சீட்டு வாங்கியவருள் பலர் உள்ளே நுழைய இயலாமல் திரும்பியதையும், பெண்களும் குழந்தைகளும் நெரிசலில் துன்புற்றதையும் நாளிதழ்களில் படித்தோம். ஆகவே போகும் பிள்ளைகளுக்குச் சில சொல்வோம். நேரத்தோடு சென்று, வெளிவாயில் எங்குள்ளது என்று முதலிற் பார்த்து வைத்துக்கொள்க. பிரிந்தால் சந்திக்கும் இடத்தை முன்னரே குறித்துக்கொள்க. ஒலிபெருக்கியின் எதிரில் நில்லாதீர். 100 டெசிபல் அளவுள்ள ஓசையைக் கால்மணி நேரத்துக்கு மேல் கேட்பது செவிக்குக் கேடு என்பர் மருத்துவர். பஞ்சு வைத்தாற் போதாது. செவியடைப்பான் மருந்துக் கடையில் கிடைக்கும். இயன்றால் பெற்றோரும் உடன் செல்க. பிள்ளை எதைக் கேட்டு மகிழ்கிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது பெற்றோருக்கும் நல்லது.

நண்பர் விடைபெறும்போது வாயிலில் சற்று நின்றார். "என் தாயார் கண்டித் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். கச்சாலுக்கு வந்தபோது எனக்கு ஐந்து வயது. பறிக்கும்போது பாடுவாராம். நான் கேட்டதில்லை" என்றார்.

அறிவு என்னும் இளைஞரை அன்பர்கள் அறிந்திருக்கலாம். அன்று கீழ்ப்பாக்க மேடையில் பாடியவருள் அவரும் ஒருவர். இலங்கைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டியாரின் வாழ்வை நினைந்து அவர் எழுதி, தீ என்னும் பாடகியுடன் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' 2021-இல் வெளிவந்து உலகெங்கும் பரவிற்று. பேரன் பாட்டியிடம் கேட்டான். ஆதலால் நமக்கும் அது கிடைத்தது.

நண்பர் சென்ற ஞாயிறு நம்மைத் தம் இல்லத்துக்கு அழைத்திருந்தார். தாயாருக்கு எண்பத்திரண்டு வயது. "எனக்கென்னப்பா பாட்டுத் தெரியும்" என்று முதலில் நாணினார். பேத்தி காலடியில் அமர்ந்து, "சொல்லுங்கள் அப்பாயி" என்று கெஞ்சினாள். அரைமணி கழித்துப் பாடினார். இரண்டு பாட்டு முழுமையாக வந்தது. மூன்றாவது நடுவில் நின்றுவிட்டது. எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை. பேத்தி எல்லாவற்றையும் கைப்பேசியில் பதிந்துகொண்டாள். அடுத்த திங்கள் தந்தையும் மகளுமாகச் சென்னைக்குப் புறப்படுகின்றனர்.

வரும் பொங்கல் விழாவில், திரைப்பாட்டுக் குழுவின் நிகழ்ச்சிக்கு முன்பாக ஒருமணி நேரம் நம் முதியோர் பாடுவதற்கென ஒதுக்குமாறு சங்கப் பொறுப்பாளரை வேண்டியுள்ளோம். தாலாட்டாயினும், நடவுப்பாட்டாயினும், ஒப்பாரியாயினும், கானாவாயினும் சரி. எந்தத் தெருப் பாட்டு என்று எவரும் கேட்கலாகாது. கித்தார் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் உடன் வாசிக்கட்டும். பாடவல்ல முதியோர் உங்கள் இல்லத்தில் இருப்பின், அவர் பெயரைச் சங்க அலுவலகத்தில் இத்திங்கள் இறுதிக்குள் எழுதித் தருக. அதற்கு முன் இன்றிரவே அவர் எதிரில் சற்று அமர்ந்து, ஒரு பாட்டுப் பாடச் சொல்லிக் கேளுங்கள்.